கன்னியாகுமரி டவுனா, முட்டம் பக்கம் ரிசார்ட்டா, பேசாம நாகர்கோவில்லயே தங்கிடலாமா?

நாகர்கோவில்ல வாக்கப்பட்டு வந்து 17 வருசம் ஆச்சு, அன்னைல இருந்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான்தான் டூரிஸ்ட் ஆபீஸ். லீவு வந்தா போதும், "மயினி, ரெண்டு நாள் வாறோம், பீச்ச ஒட்டி நல்ல ரிசார்ட்டா பாத்து வைங்க"ன்னு போன் வந்துரும். எத்தன பேரு, வயசானவங்க உண்டா, எங்கெல்லாம் போகப் போறீங்கன்னு நான் திருப்பிக் கேட்டா அதெல்லாம் எதுக்கு, கடல் தெரியணும் அவ்வளவுதாங்கறாங்க. கடல் தெரியறதுல இங்க என்ன பஞ்சம், மாவட்டத்துல பாதி ஊரு கடக்கரைலதான் கிடக்கு. பிரச்சன அது இல்ல.

பிரச்சன என்னன்னு எனக்கே போன வருசம் மே மாசந்தான் வெளங்குச்சு. சென்னைல இருந்து என் நாத்தனார் குடும்பத்தோட வந்தா, மேற்குப் பக்கம் கடல ஒட்டின ஒரு ரிசார்ட், ரூம் ஒரு நாளைக்கு 7,900, அதுமேல 18 சதவீதம் வரி, ஆக 9,322, ரெண்டு ராத்திரி. எங்க மாமியாரும் மகளோட இருக்கட்டும்னு கூடப் போனாங்க. காலைல 6 மணிக்கே ட்ரெயின்ல வந்து இறங்கியாச்சு, ஆனா செக்கின் மத்தியானம் 2 மணிக்குத்தான்னுட்டாங்க, அதுவரைக்கும் எங்க வீட்டு ஹால்ல பெட்டியும் படுக்கையுமா கிடந்தாங்க. 3 மணிக்கு ரூமுக்குப் போய் அசதில தூங்கி எந்திரிச்சா 6 மணி, நீச்சல் குளம் 6:30க்கு மூடிருவாங்களாம். மறுநாள் சூரிய உதயம் பாக்கணும்னு விடியக்காலம் நாலரைக்கு கார எடுத்து கன்னியாகுமரி போனாங்க, அப்புறம் படகு க்யூ, சுசீந்திரம், அப்படியே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனா அன்னைக்கு திங்கக்கிழம, திங்கக்கிழம அரண்மனைக்கு லீவுன்னு யாருக்கும் தெரியல, சரின்னு திற்பரப்பு அருவிக்குப் போய் குளிச்சிட்டு திரும்பி வர ராத்திரி ஒம்பதரை, கிச்சன் மூடியாச்சு. பிரெட்டும் வாழப்பழமும் தின்னுட்டு படுத்தாங்க. மூணாம் நாள் 11 மணிக்கு செக்கவுட். கணக்கு போட்டுப் பாருங்க, வரியோட பதினெட்டாயிரத்துச் சொச்சம் குடுத்த எடத்துல முழிச்சிக்கிட்டு இருந்த நேரம் மொத்தமா ஒரு ஆறு மணி நேரம் தேறுமான்னு சந்தேகம். ரெண்டு நாள் ஃப்ரீ டிபன்ல ஒரு நாள் சாப்பிட்டது மிச்சம்.

அதனால இப்ப யார் கேட்டாலும் நான் மொதல்ல கேக்கறது இதுதான்: ரூம்ல இருக்கப் போறீங்களா, ஊர் சுத்தப் போறீங்களா? ரிசார்ட்டுக்கு குடுக்கற காசு கட்டிலுக்கு இல்ல, அங்கயே கிடக்கற பகல் நேரத்துக்கு. அந்த நேரம் உங்ககிட்ட இல்லன்னா அது தண்டம்.

இப்ப ஒவ்வொண்ணா பாப்போம்.

கன்னியாகுமரி டவுன். இங்க தங்கறதுக்கு ஒரே ஒரு பெரிய காரணம் காலை நேரம். உதயம் பாக்க எந்திரிச்சு கார் தேட வேண்டாம், மொட்டமாடிக்கு ஏறினா போதும், இல்ல கிழக்கு பாத்த ரூம்னா பால்கனில நின்னே பாத்துரலாம். பாத்துட்டு வந்து குளிச்சு சாப்பிட்டு 8 மணிக்கெல்லாம் படகு க்யூல போய் நின்னா வெயில் ஏறதுக்குள்ள விவேகானந்தர் பாறை முடிஞ்சிரும். முன்னெல்லாம் அலை ஜாஸ்தியா இருந்தாலோ தண்ணி வத்தி இருந்தாலோ திருவள்ளுவர் சிலைக்கு படகு விடமாட்டாங்க, பாறைய மட்டும் காமிச்சுட்டு திருப்பி கூட்டிட்டு வந்துருவாங்க, 133 அடி சிலைய தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு போனவங்க எத்தனையோ பேரு. 2024 டிசம்பர் கடைசில 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பெறகு அந்தக் கஷ்டம் இல்ல, பாறைல இறங்கினா நடந்தே சிலைக்குப் போயிரலாம். ஆனா மொத்தப் படகையே நிறுத்துற நாளும் உண்டு, கடல் கொந்தளிச்சா யார் என்ன செய்ய முடியும், அதனால படக மொத நாளே பாக்க வைங்க, கடைசி நாளுக்கு தள்ளாதீங்க.

டவுன்ல "சீ வியூ"ன்னு எழுதாத லாட்ஜே கிடையாது. ஜன்னல்ல இருந்து கழுத்த ஒடிச்சு பாத்தா ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு முழம் நீலமா தெரியும், அதுவும் சீ வியூதான். புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு, "அண்ணே, குடுக்கப் போற ரூம் ஜன்னல்ல நின்னு ஒரு வீடியோ எடுத்து வாட்ஸாப்ல விடுங்க"ன்னு கேளுங்க. நல்ல ரூம் வச்சிருக்கறவன் அனுப்பிருவான். அனுப்ப யோசிக்கறாங்கன்னா அதுலயே பதில் இருக்கு. இன்னொண்ணு, உதயமும் அஸ்தமனமும் ரெண்டும் எங்க ஓட்டல்ல இருந்து தெரியும்னு சொல்லுவாங்க, ஓட்டல் மாடில இருந்து தெரியலாம், உங்க ஜன்னல் ஒரு தெசைல தானே இருக்கு? அதுலயும் டவுன்ல சூரியன் கடலுக்குள்ள இறங்கறத பாக்கறது அக்டோபர்ல இருந்து மார்ச் வாக்குலதான் சரியா வரும், மத்த மாசத்துல கரைப்பக்கம் ஒதுங்கிரும். சித்திரா பௌர்ணமி அன்னைக்கு சூரியன் இறங்க ஒரு பக்கம், நெலா ஏற ஒரு பக்கம்னு ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கலாம், அதுக்குன்னே கூட்டம் வரும், ரூமும் கெடைக்காது.

கூட்டம்னதும் சொல்லணும். கார்த்திகை ஒண்ணுல இருந்து தை பொறக்கற வரைக்கும் ஐயப்ப சாமிங்க சீசன். பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கும், ரூம் வாடகை ஏறிக் கிடக்கும், படகு க்யூ எங்கயோ நிக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கும் இதே கததான், தர்ப்பணம் குடுக்க வர்ற கூட்டம். அமைதி வேணும்னு இந்த நாளுல டவுன்ல ரூம் போட்டுட்டு அப்புறம் ரிசப்ஷன்ல போய் சண்ட போடறதுல அர்த்தமே இல்ல. டவுனுக்கு பக்கத்துலயே அமைதியா வேணும்னா விவேகானந்தபுரத்துல விவேகானந்தா கேந்திரம் இருக்கு, நூறு ஏக்கர் வளாகம், மரமும் மயிலுமா இருக்கும், உதயம் பாக்க அவங்களுக்கே கடக்கரை பக்கம் எடம் உண்டு. ஆனா சைவம் மட்டுந்தான், ஆசிரம சூழல், நீச்சல் குளமும் ரூம் சர்வீஸும் எதிர்பாத்து போனா முழிக்க வேண்டியதுதான். எங்க அப்பாக்கு ரொம்பப் புடிச்ச எடம், எங்க பசங்களுக்கு ரெண்டாவது நாளே போரடிச்சிருச்சு.

அடுத்தது ரிசார்ட். சொத்தவிளை, முட்டம், இன்னும் மேக்க போனா தேங்காப்பட்டணம்னு அந்த வரிச முழுக்க மேற்கு பாத்த கடல், அஸ்தமனத்துக்கு இத அடிச்சிக்க முடியாது. முட்டத்துல லைட்ஹவுஸ் பக்கம் அந்தப் பாறை மேல சாயங்காலம் அஞ்சரைக்கு போய் உக்காருங்க, செவப்பு மண் மேடு ஒரு பக்கம், பாறைல அலை அடிச்சு தெறிக்கறது ஒரு பக்கம், நான் எத்தன தடவ போயிருப்பேன், இன்னும் அலுக்கல. ரிசார்ட் வேணும்னா இந்தப் பக்கம் எடுங்க, ஆனா எடுத்தா ஒரு முழு நாள் எங்கயும் போகாம அங்கயே கிடக்கணும், அப்பதான் குடுத்த காசு சீரணிக்கும். கன்னியாகுமரில இருந்து மணக்குடி பாலம் வழியா கடக்கரை ரோட்டுல வந்தா வழியெல்லாம் தென்னந்தோப்பும் மீனவர் கிராமமும் சர்ச்சுமா பாக்க நல்லாருக்கும், ஆனா குறுகலான ரோடு, மேப்புல காட்டுற நேரத்த நம்பாதீங்க, முட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாராளமா வச்சிக்கிடுங்க.

ரிசார்ட்காரங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்விங்க கொஞ்சம் உண்டு, பட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

நீச்சல் குளத்துக்கு என்ன டிரஸ்னு கேளுங்க. பெரும்பாலும் நைலான் துணிதான் விடுவாங்க, சேலை, நைட்டி, காட்டன் சுடிதார், வேட்டி எதுவும் நடக்காது. எங்க மாமியார் பாவம், பேரப்பிள்ளைங்க ஆடறத பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க, கால மட்டும் நனைக்கட்டுமான்னு கேட்டதுக்கும் அந்தப் பையன் தயங்கி தயங்கித்தான் சரின்னான். குடும்பத்துல பாதிப் பேர் குளத்துல இறங்க முடியாதுன்னா குளத்துக்காக எக்ஸ்ட்ரா குடுக்கறதுல என்ன இருக்கு?

தண்ணி எப்படின்னு கேளுங்க. கடலுக்கு இவ்வளவு பக்கத்துல போர் தண்ணி சில எடத்துல உப்பு கரிக்கும், ஷாம்பு நுரைக்காது, முடி நார் மாதிரி ஆயிரும். லாரித் தண்ணியா, ஃபில்டர் உண்டா, ஒரு வார்த்த கேட்டு வைக்கறதுல தப்பில்ல.

டிரைவருக்கு தங்க எடம் உண்டா? இத யாருமே கேக்கறதில்ல. வாடகைக் கார்ல வர்றீங்க, நீங்க ஏசில படுத்துட்டு அந்த மனுசன் கொசுக்கடில கார்ல படுத்து மறுநாள் தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டினா யாருக்கு ஆபத்து? டவுன்ல எங்கயாவது படுத்துக்கிடுவாரு, நாலு கடை இருக்கும். ரிசார்ட் இருக்கற எடத்துல ராத்திரி எட்டு மணிக்கு மேல டீக்கடை கூட இருக்காது, சாப்பாட்டுக்கும் சேத்து கேட்டுக்கிடுங்க.

கிச்சன் எத்தன மணிக்கு மூடுவாங்கன்னும் அப்பவே கேட்டுருங்க. நான் கேக்கல, பிரெட்டு தின்னாங்க.

வரிக் கணக்கு தனியா சொல்லணும், ஏன்னா இதுல நல்ல காசு மிச்சம் ஆகும். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. அதாவது 7,400 ரூவா ரூம் வரியோட 7,770ல முடியும், 7,600 ரூவா ரூம் 8,968ல போய் நிக்கும். ரூம் ரேட்டுல எரநூறு ரூவாதான் வித்தியாசம், கையில இருந்து போறது கிட்டத்தட்ட ஆயிரத்து எரநூறு. ஆப்ல 7,600னு காட்டுனா ஓட்டலுக்கே நேரா போன் போட்டு டிபன் இல்லாம என்ன ரேட்டுன்னு கேட்டுப் பாருங்க, 7,500க்கு கீழ இறங்குனா லாபந்தான். சர்வீஸ் சார்ஜுன்னு சாப்பாட்டு பில்லுல தானா சேத்திருந்தா குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, எடுத்துருங்கன்னு சொல்லலாம், 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட்டும் அத சரின்னுருச்சு. அந்தக் காச பரிமாறின பையன் கையில நேரா குடுத்துட்டு வாங்க, அதுதான் எனக்கு சரியா படுது.

இனி கடல். எந்த ரிசார்ட் போட்டோவ பாத்தாலும் குளம் மாதிரி அமைதியா ஒரு கடல் இருக்கும், அத நம்பி துண்ட தோள்ல போட்டுட்டு இறங்கிராதீங்க. இங்க கரை சட்டுனு பள்ளமாகும், அலை இழுக்கும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் பீச்சுல அஞ்சு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் அலை இழுத்து போய்ட்டாங்க, நல்ல வெயில் காலம். அன்னைக்கு இருந்தது கள்ளக்கடல், கேரளா மீனவங்க வச்ச பேரு, பேர பாத்தாலே தெரியுது. தெற்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால எங்கயோ புயல் அடிச்சு கிளம்புன அலை சில நாள் கழிச்சு இங்க வந்து சேரும், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் பளிச்சுனு இருக்கும், திடீர்னு கடல் கரைக்குள்ள ஏறும். கடல் நிலவரம் பாத்து சொல்ற, ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடறாங்க, நியூஸ்லயும் வரும், அத ஒரு தடவ பாத்துட்டு கிளம்புங்க. ரிசார்ட்ல கேக்கறத விட கரைல வலை பின்னிக்கிட்டு இருக்கற ஒரு அண்ணன்கிட்ட "இன்னைக்கு எப்படிண்ணே இருக்கு"ன்னு கேட்டா சரியா சொல்லிருவாரு. அவரே இறங்க வேண்டாம்னா கால் கூட நனைக்காதீங்க. "பிரைவேட் பீச்"னு எழுதி இருந்தா அது நம்ம ரூம் வாசல்ல இருந்து கடலுக்கு ஒரு வழி இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். கரை ஊர்க்காரங்க தொழில் பாக்கற எடம், வள்ளம் நிக்கும், மீன் காயும், வாடை அடிக்கும். மூக்க பொத்திக்கிட்டு ரிசப்ஷன்ல புகார் சொல்ற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், ராத்திரி அதே ஆளு மேசைல நெத்திலி வறுவல்.

மீன்னதும் ஞாபகம் வருது. ரிசார்ட்டுக்கு போறதே மீனுக்குத்தான்னா தேதி பாத்து வாங்க. சின்னமுட்டம் பக்கம், அதாவது கிழக்குக் கடல்ல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். அப்பவும் நாட்டுப்படகு, கட்டுமரம் போகும், மீன் கெடைக்கும், ஆனா பெரிய மீன் கம்மி, வெல கூட. ஞாயித்துக்கிழம மீனவர் ஊருங்கள்ல கடலுக்குப் போகமாட்டாங்க, கோயில் பூசைன்னு இருப்பாங்க, அன்னைக்கு மேசைக்கு வர்ற மீன் எப்ப புடிச்சதுன்னு நீங்களே யோசிச்சிக்கிடுங்க. மெனு கார்ட பாக்காதீங்க, இன்னைக்கு என்ன மீன் வந்துச்சுன்னு கேட்டு சொல்லுங்க. பஃபேல வரிசையா பன்னீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் இருக்கும், அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா, மரச்சீனி, அதான் மரவள்ளிக்கிழங்கு, மயக்கி ஒரு சாளைமீன் கறி வச்சு தருவீங்களான்னு மொத நாளே கேட்டா சில எடத்துல சந்தோசமா செஞ்சு குடுக்கறாங்க.

மூணாவது நாகர்கோவில். யாருமே யோசிக்க மாட்டாங்க, ஏன்னா இங்க கடல் இல்ல. ஆனா ஊர் சுத்தறதுதான் ப்ளான்னா இதுதான் நடு எடம். கன்னியாகுமரி 20 கிலோமீட்டர், முட்டமும் கிட்டத்தட்ட அதே தூரந்தான், சுசீந்திரம் வழியிலயே இருக்கு, பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு எல்லாம் இந்தப் பக்கம் ஒரே நாள்ல முடிச்சிரலாம். அதே தரத்துல உள்ள ரூம் ரிசார்ட் வெலைல பாதிக்கும் கீழ கெடைக்கும், ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் சாப்பாடு உண்டு, ஆஸ்பத்திரி பக்கத்துல, மட்டிப்பழமும் நேந்திரங்கா சிப்ஸும் வாங்கிட்டு போலாம். சென்னைல இருந்து வந்தே பாரத்ல வந்தா மத்தியானம் 2 மணி வாக்குல நாகர்கோவில்ல இறங்கி நேரா செக்கின் பண்ணிக்கிடலாம், எங்க வீட்டு ஹால் தேவைப்படாது. கொறைன்னா காலைல எந்திரிச்சு ஜன்னல தொறந்தா எதுத்த வீட்டு தண்ணித் தொட்டிதான் தெரியும்.

ஆடி மாசம் பத்தி ஒண்ணு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ரிசார்ட் ரேட் நல்லா கொறையும், ஆப்ல பாத்து வாய பொளப்பீங்க. மேற்குக் கடல் அந்த நேரம் ஆளுயரத்துக்கு அடிக்கும், கடல்ல இருந்து ஆரல்வாய்மொழி கணவாய் பாத்து ஓடற காத்து வேற, பால்கனில காப்பி டம்ளர் நிக்காது, துணி காயப் போட்டா பக்கத்து தோப்புலதான் தேடணும். குளிக்கணும், குழந்தைங்க மணல்ல வெளையாடணும்னா வேண்டாம். ஜன்னல சாத்திட்டு மழையும் கடலும் பாத்துக்கிட்டு புஸ்தகம் படிக்கணும்னா அதுக்கு மேல ஒரு சீசன் கெடையாது, என்னைய கேட்டா நான் அப்பத்தான் போவேன், ஆனா எங்க வீட்டுக்காரர் காசு குடுத்து மழை பாக்கணுமா, நம்ம வாசல்லயே பாருன்னுருவாரு.

சரி, யாருக்கு எது? ரெண்டு நாள், மொத தடவ வர்றவங்க, கூட வயசானவங்க, அப்ப கன்னியாகுமரி டவுன்ல ஒரு ராத்திரி, ரெண்டாவது ராத்திரி நாகர்கோவில், ரிசார்ட் வேண்டாம். கல்யாணம் ஆன புதுசு, இல்ல ஏற்கனவே எல்லாம் பாத்தாச்சு, சும்மா கிடக்கணும், அப்ப முட்டம் பக்கம் ரிசார்ட், ரெண்டு ராத்திரியும் அங்கயே, கார் சாவிய கையில எடுக்காதீங்க. மூணு நாள் உண்டுன்னா மொத ராத்திரி டவுன், பெறகு ரெண்டு ராத்திரி ரிசார்ட், இந்த வரிசைலதான் போகணும், மாத்திப் போனா ரிசார்ட்ல உக்காந்துக்கிட்டு இன்னும் அது பாக்கல இது பாக்கலன்னு மனசு அலையும். சின்னப் பிள்ளைங்க இருந்தா ஓட்டல் மாத்தறதே வேண்டாம், பெட்டி கட்டி அவுக்கறதுலயே பாதி நாள் போயிரும், அவங்களுக்கு மணலும் பக்கெட்டும் போதும், சொத்தவிளைல சாயங்காலம் கொண்டு விட்டா வீட்டுக்கே வரமாட்டாங்க.

நாத்தனார் போன வாரம் போன் பண்ணா. பொங்கல் லீவுக்கு மறுபடி வாறாளாம். நான் இவ்வளவையும் சொல்லி முடிச்சு, டவுனா ரிசார்ட்டா எத போடட்டும்னு கேட்டா, "ஒண்ணும் வேண்டாம் மயினி, உங்க வீட்டு மாடிலயே படுத்துக்கிடுதோம், அம்மை கைல மீன் கொழம்பு தின்னு எத்தன நாளாச்சு"ங்கறா. அஞ்சு பேரு. ரெண்டு பாய் இருக்கு, தலகாணிதான் இல்ல.